ஆர்சனலின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்

2013இல் லிவர்பூல் கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிற்கும் ஆள்) லூயிஸ் சுவாரஸுக்கு, லண்டன் அணியான ஆர்சனல் கேட்ட விலை 4 கோடியே 1 பவுண்டு. அந்த ஒரு பவுண்டை நான் இன்னும் மறக்கவில்லை. 4 கோடிக்கு மேல் யாராவது கேட்டால் என்று சுவாரஸின் ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு ஷரத்து இருந்தது. மேல் என்றுதானே எழுதியிருக்கிறது, ஒரு பவுண்டு சேர்த்தால் போதும் என்று கணக்குப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆர்சனலின் மைதானமான எமிரேட்ஸில் இவர்கள் என்னத்தைப் புகைக்கிறார்கள் என்று லிவர்பூல் முதலாளி ஜான் ஹென்றி ட்விட்டரில் கேட்டார். ஆளை விடவில்லை. அந்த சீசனில் சுவாரஸ் லிவர்பூலுக்காகவே 33 லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்தார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸில் இருக்கிறேன். கொட்டேஷன் வாங்குவது, மூன்று பேரை ஒப்பிட்டு ஷீட் போடுவது, விலையைக் குறைப்பது, கையெழுத்துக்கு ஃபைலை அனுப்புவது, இதுதான் பிழைப்பு. அதனால் அந்த ஒரு பவுண்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ எழுதிய கடிதம் மாதிரியே இருந்தது. சாமான் வேண்டும் என்ற எண்ணத்தைவிட, ஒரு ரூபாய்கூட ஏமாந்துவிடக் கூடாது என்ற எண்ணம் பெரிதாகிவிட்ட இடத்திலிருந்துதான் அப்படி ஒரு கடிதம் கிளம்பும்.

ஆர்சனல் ஸ்ட்ரைக்கர் வாங்கத் தயங்குவதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற கிளப் ரசிகர்கள் இதைக் கஞ்சத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆர்சனல் ரசிகர்களான எங்கள் ஆட்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் இதில் இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன: மேனேஜராக இருந்த வெங்கருடையது ஒன்று, பின்னால் மேனேஜராக வந்த ஆர்டெட்டாவுடையது ஒன்று. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வேர் வேறு.

வெங்கர் ஆரம்பத்தில் தயங்குகிற ஆளே கிடையாது. ஸ்ட்ரைக்கர் அனெல்காவை 1997இல் பாரிஸின் பி.எஸ்.ஜி.யிடமிருந்து 5 லட்சம் பவுண்டுக்கு எடுத்து, இரண்டே வருடத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு 2 கோடிக்கு மேல் விற்றார். அந்தப் பணத்தில் பாதியைப் போட்டு யுவென்டஸில் விங்கில் ஓடிக்கொண்டிருந்த தியரி ஆன்ரியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார். அவர் ஆர்சனலுக்காக அடித்தது 228 கோல். வான் பெர்ஸி 2004இல் ஃபெயனூர்டிலிருந்து வந்தபோது விலை 27.5 லட்சம் பவுண்டு. இப்படி மூன்று முறை கை நிறைய அள்ளிய ஒருவருக்கு, 4 கோடி கொடுத்து ஸ்ட்ரைக்கர் வாங்குவது அவமானமாகத்தான் தோன்றும். அடுத்த ஆன்ரி எங்கோ ஒரு மூலையில் மலிவாகக் கிடைப்பான் என்ற நம்பிக்கை அவரைவிட்டுப் போகவே இல்லை.

அந்த நேரத்தில்தான் புது ஸ்டேடியம். ஹைபரியை விட்டு 2006இல் எமிரேட்ஸுக்குப் போனார்கள். கட்ட ஆன செலவு 39 கோடி பவுண்டு. கடனைக் கட்ட வேண்டும், ஐரோப்பாவின் பெரிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்குள்ளும் வருடா வருடம் போக வேண்டும். ஆன்ரி 2007இல் பார்சிலோனாவுக்குப் போனார். அடிபாயர் 2009இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அதன்பின் வந்தவர்களைப் பாருங்கள்: பிரான்ஸின் போர்டோவிலிருந்து (Bordeaux) இலவசமாக ஷமாக், மொனாக்கோவிலிருந்து பார்க் சூ யங், ஓசேரிலிருந்து இலவசமாக யாயா சனோகோ. சனோகோவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2014இல் எமிரேட்ஸ் கோப்பை என்ற நட்பு ஆட்டத் தொடரில் பென்ஃபிகாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டார். அன்று நாங்கள் வாட்ஸ்அப்பில் ஆடாத ஆட்டம் இல்லை. ஆர்சனலுக்காகப் போட்டி ஆட்டம் என்று கணக்கில் வருவதில் அவர் அடித்தது மொத்தமே ஒரு கோல்.

ஸ்ட்ரைக்கர் ஜிரூவை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வராது. 100 கோலுக்கு மேல் அடித்தவர், பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்றவர். ஆனால் அவர் காயமானால் அடுத்து யார் என்ற கேள்விக்கு வருடக்கணக்கில் யாரும் பதில் சொல்லவில்லை. 2013 டெட்லைன் டே, அதாவது ஆள் வாங்க அனுமதிக்கும் விண்டோ மூடுகிற நாள் அன்று, செல்சியிடமிருந்து ஸ்ட்ரைக்கர் டெம்பா பாவை லோனில் எடுக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அன்று நம் ஊர் நேரப்படி விடியற்காலை மூன்றரைக்குக் கதவு சாத்தினார்கள். விழித்துப் பார்த்தால் நடுக்கள ஆட்டக்காரர் ஓசில் வந்திருக்கிறார், 4.25 கோடி பவுண்டு. பிரமாதமான ஆள்தான். ஆனால் அவர் கொடுக்கிற பந்தை அடிக்க ஆள் எங்கே?

2015 இன்னும் மோசம். அந்தக் கோடையில் மூத்த அணிக்கு வாங்கியது ஒரே ஆள், பீட்டர் செக், கோல்கீப்பர். களத்தில் ஓடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. செல்சி சரிந்து, சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் தடுமாறி, லீக் கோப்பை கேட்பாரற்றுக் கிடந்த வருடம் அது. லெஸ்டர் 81 புள்ளியோடு எடுத்துப் போனார்கள், ஆர்சனல் 71 புள்ளியோடு இரண்டாவது. அடுத்த மாதமே லெஸ்டரின் ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியை வாங்க ஓடினார்கள். அவர் வரவில்லை என்றுவிட்டார். நான் அவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆர்டெட்டாவுக்கு வருவோம். 2019 டிசம்பரில் அவர் வந்தபோது கடன் கதையெல்லாம் பழங்கதையாகிவிட்டது. லகாசெட், ஔபமெயாங் என்று ஸ்ட்ரைக்கர்களுக்காக வெங்கரே கடைசிக் காலத்தில் பையைத் திறந்துவிட்டிருந்தார். நடுக்கள ஆட்டக்காரர் டெக்லன் ரைஸுக்கு 10 கோடி பவுண்டுக்குக் குறையாமல் கொடுத்தவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. ஆர்டெட்டாவின் தயக்கம் பணத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய ஸ்பெசிஃபிகேஷன் நீளம். ஸ்ட்ரைக்கர் என்றால் கோல் அடிக்க வேண்டும், சரி. எதிரணி டிஃபெண்டர் பந்தைத் தொடும்போதே முதல் ஆளாக நெருக்க வேண்டும். கீழே இறங்கி வந்து பந்தை வாங்கிச் சுவர் மாதிரி நின்று ஓடேகார்டுக்குத் தள்ள வேண்டும். விங்கர் சாகா ஓரத்திலிருந்து உள்ளே வரும்போது இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பந்து போன அடுத்த நொடியே அதைத் துரத்த வேண்டும். இத்தனையும் செய்து 25 கோலும் அடிக்கிறவன் உலகத்தில் எத்தனை பேர்? அவர்களில் விற்பனைக்கு எத்தனை பேர்?

இந்தத் தயக்கத்துக்கு என் பாதி ஓட்டு எப்போதும் உண்டு. என் அக்கா பையன் யுனைடெட் ரசிகன். ஒவ்வொரு ஜனவரியிலும், நடு சீசன் விண்டோ திறந்திருக்கும்போது, போன் வரும்: “ஏனுங் மாமா, உங்காளுங்க இந்த வருசமும் ஆள் எடுக்கலையாட்டங்குதே?” அவனுக்கு நான் வைத்திருக்கும் பதில் ராஸ்மஸ் ஹோய்லுண்ட். 6 கோடிக்கு மேல் கொடுத்து அட்டலாண்டாவிலிருந்து ஒரு சின்னப் பையனைக் கொண்டுவந்து, அணியின் மொத்தப் பாரத்தையும் அவன் தலையில் வைத்தார்கள். 2024–25 லீகில் அவர் அடித்தது 4 கோல். செல்சி 2021இல் லுகாகுவுக்குக் கொட்டிய 9.75 கோடிக்குக் கிடைத்தது அந்த வருட லீகில் 8 கோல். தப்பான ஸ்ட்ரைக்கரை வாங்குவது சாதாரணத் தப்பு இல்லை. சம்பளம் ஐந்து வருடம் ஓடும், அடுத்த ஆளுக்கு வைத்திருந்த பணமும் அங்கேயே முடங்கும். நூறு முறை யோசிக்கட்டும், தப்பில்லை.

மீதிப் பாதி ஓட்டை நான் ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு எங்கள் கம்பெனிக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒரு வார்ப்புச் சாமான் ஒரே ஃபவுண்டரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது சப்ளையர் ஒருவரைத் தேடிப் பிடித்து, சாம்பிள் வாங்கி, க்வாலிட்டியில் பாஸ் ஆகி, ஃபைல் மேலே போய்விட்டது. பீஸுக்கு 4 ரூபாய் அதிகம். அந்த 4 ரூபாய்க்காக ஃபைல் மேலேயே தூங்கியது. இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள், கேட்டுப் பாருங்கள் என்று குறிப்பு வரும். மாசி பிறந்து, வெயில் ஏறி, டீலர்கள் எல்லாம் மோட்டார் எங்கே என்று கேட்கிற நேரம் பார்த்து, பழைய ஃபவுண்டரியில் ஃபர்னஸ் படுத்துவிட்டது. எங்கள் அசெம்ப்ளி லைன் நின்றது. ஆட்கள் ஷிப்ட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். வருடக் கடைசியில் ஆடிட்டர் வந்தார். ஒரு போல்ட்டை ஏன் இன்னாரிடம் இரண்டு பைசா கூடுதலாக வாங்கினீர்கள் என்று என்னிடம் அரை மணி நேரம் கேட்டார். லைன் நின்றதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எப்படி இருக்கும்? வாங்கியதற்கு பில் இருக்கிறது. வாங்காமல் விட்டதற்கு பில் கிடையாது.

கால்பந்திலும் இதேதான். ஹோய்லுண்டின் விலை அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கடைசி வரைக்கும். 2022 ஜனவரியில் ஆர்சனல் வாங்காமல் விட்ட ஸ்ட்ரைக்கருக்கு அப்படி எந்தச் சீட்டும் இல்லை. அந்த மாதம் நடந்ததைப் பாருங்கள். விலாஹோவிச்சைக் கேட்டார்கள், அவர் யுவென்டஸுக்குப் போனார். ஔபமெயாங்கை இலவசமாக பார்சிலோனாவுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்தில் யாரும் வரவில்லை. மிச்சமிருந்தது, ஒப்பந்தம் முடியப்போகிற லகாசெட்டும் என்கெட்டியாவும். அந்த சீசன் முழுக்க லகாசெட் லீகில் அடித்தது 4 கோல். ஏப்ரலில் பேலஸ், பிரைட்டன், சவுதாம்ப்டன் மூவரிடமும் வரிசையாகத் தோற்று, கடைசியில் 69 புள்ளி. டாட்டன்ஹாம் 71. அந்த 2 புள்ளியில் போனது சாம்பியன்ஸ் லீக் இடம். யார் கணக்கில் எழுதுவது?

2022–23இல் லீகை விட்டதற்கு இதைக் காரணம் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் டிஃபெண்டர் சலிபாவின் முதுகுக் காயம்.

என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்தியது 2025 ஜனவரிதான். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டிசம்பரிலேயே சாகாவுக்குத் தொடைத் தசை போய்விட்டது. ஜனவரி 12, எஃப்.ஏ. கோப்பை, யுனைடெட்டுக்கு எதிராக எமிரேட்ஸில் ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் எங்கள் ஸ்ட்ரைக்கர் கேப்ரியல் ஜீசஸ் ஸ்ட்ரெச்சரில் போனார். முழங்கால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது. பத்துப் பேரோடு ஆடிய யுனைடெட்டை வெல்ல முடியாமல், கிடைத்த பெனால்டியையும் விட்டு, ஷூட் அவுட்டில் தோற்றோம். அக்கா பையன் அன்று போன் செய்யவில்லை, வீடியோ காலில் வந்தான்.

ஆறு நாள் கழித்து ஆஸ்டன் வில்லா. 2–0 என்று முன்னால் இருந்த ஆட்டம் 2–2 ஆனது. இரண்டாவது கோலை அடித்தவர் ஆலி வாட்கின்ஸ். அதற்கு முந்தைய ஏப்ரலில் இதே எமிரேட்ஸில் வில்லா 2–0 என்று ஜெயித்து, லீகை எங்கள் கையிலிருந்து பிடுங்கி சிட்டியிடம் கொடுத்த நாளிலும் இரண்டாவது கோல் இவருடையதுதான். சின்ன வயதிலிருந்து ஆர்சனல் ரசிகர் வேறு. சரி, நம்மை இந்த அடி அடிக்கிறவனை நாமே எடுத்துவிடலாம் என்று கடைசியில் தோன்றியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் வில்லாவிடம் கேட்டார்கள். வில்லா அப்போதுதான் தங்கள் இன்னொரு ஸ்ட்ரைக்கர் டுரானை சவுதிக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் எவன் விடுவான்? முடியாது என்றார்கள். இவர்களும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஜீசஸ் விழுந்து மூன்று வாரம் ஆகியும் வேறு ஒரு பெயரும் கைக்கு வரவில்லை.

பிப்ரவரி 2ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டியை 5–1 என்று வீழ்த்தினார்கள். ஹாவர்ட்ஸ் ஒரு கோல். நுவானேரி ஒரு கோல். அந்த இரவு யாருக்கும் ஸ்ட்ரைக்கர் ஞாபகம் இல்லை, எனக்கும்தான். மறுநாள் விண்டோ மூடியது. அப்புறம் நியூகாசிலில் மார்ட்டினெல்லிக்குத் தொடை. பயிற்சிக்காக துபாய்க்குப் போன இடத்தில் ஹாவர்ட்ஸுக்குத் தொடை. விண்டோ மூடி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, முன்வரிசையில் நான்கு பேர் ஆஸ்பத்திரிப் பட்டியலில்.

பிப்ரவரி 15, சனிக்கிழமை, நம் நேரம் சாயங்காலம் ஆறு மணி, லெஸ்டர். ட்ரொஸார்டை நடுவில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் செல்சியிலிருந்து லோனில் வந்த ஸ்டெர்லிங், இன்னொரு பக்கம் 17 வயது நுவானேரி. ஒரு மணி நேரம் பந்து அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கிராஸுக்கும் பாக்ஸுக்குள் பார்த்தால் நீலச் சட்டைகள் மட்டும்தான். அந்தச் சின்னப் பையன் தானே அடித்துப் பார்த்தான், கம்பத்தில் பட்டது. கடைசி இருபது நிமிடத்துக்கு ஸ்டெர்லிங்கை எடுத்துவிட்டு மெரினோவை இறக்கினார் ஆர்டெட்டா. மெரினோ நடுக்கள ஆட்டக்காரர். அவரைக் கொண்டுபோய் நேராக முன்னால் நிறுத்தினார். 81ஆவது நிமிடம் நுவானேரி தூக்கிப் போட்ட பந்தைத் தலையால் முட்டினார், கோல். 87இல் ட்ரொஸார்ட் கொடுத்தது, இன்னொன்று.

எல்லோரும் ஆர்டெட்டாவைப் பாராட்டினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். லைன் நின்றபோது எங்கள் ஃபோர்மேன் பழைய ஸ்கிராப்பிலிருந்து நாலு வார்ப்பைத் தேடி எடுத்து, கடைந்து மாட்டி, அன்றைய லாரியை அனுப்பிவிட்டார். மேலே இருந்தவர்கள் பார், சமாளித்துவிட்டோமே என்றார்கள். சமாளிக்கிற ஆள் கெட்டிக்காரனாக இருந்துவிட்டால், ஃபைலைத் தூங்கவிட்டவனைக் கேட்க ஆளே இருக்காது. அடுத்த வாரம் அதே மெரினோ முன்னால் நின்றார், சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாமிடம் 0–1. அதற்கடுத்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் 0–0. லீக் அங்கேயே முடிந்தது. முந்தைய சீசனில் 91 கோல் அடித்த அணி அந்த வருடம் 69 கோலில் நின்றது. 38 ஆட்டத்தில் 14 சமன். லிவர்பூல் 84 புள்ளி, நாங்கள் 74.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, நல்ல வாதம். சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட்டை 3–0 என்று சாய்த்த இரவில் மூன்றாவது கோல் மெரினோவுடையது. அரையிறுதியில் எங்களைத் தோற்கடித்து, கோப்பையையும் தூக்கிய பி.எஸ்.ஜி.யிலும் மரபான ஒன்பதாம் நம்பர் ஸ்ட்ரைக்கர் முன்னால் நிற்கவில்லை. எம்பாப்பே போன பிறகு விங்கர் டெம்பெலேயை நடுவில் நிறுத்தித்தான் ஜெயித்தார்கள். எமிரேட்ஸில் நான்காவது நிமிடமே கோல் போட்டவரும் அவர்தான். ஸ்ட்ரைக்கரே இல்லாமல் ஐரோப்பாவை ஜெயிக்கலாம் என்றால் எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்கலாம். ஆனால் பி.எஸ்.ஜி. டெம்பெலேயை அங்கே நிறுத்தியது யோசித்து எடுத்த முடிவு. ரமோஸ் என்ற ஸ்ட்ரைக்கர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெரினோவை அங்கே நிறுத்தியது வேறு நாதி இல்லாமல்.

அந்தக் கோடையில் ஆட்டக்காரர்களை வாங்குவதைப் பார்த்துக்கொள்ள ஆந்த்ரேயா பெர்தா என்ற புது ஸ்போர்ட்டிங் டைரக்டர் வந்திருந்தார். எந்த ஸ்ட்ரைக்கரை எடுப்பது, ஷெஷ்கோவா, யோகெரெஸா என்று ஒரு மாதம் இழுத்தார்கள். ஷெஷ்கோ இளசு, உயரம், வேகம், நாளை பெரிய ஆள் ஆகலாம். யோகெரெஸுக்கு 27 வயது; பிரைட்டன் ஓரம் கட்டிய ஆள், கவென்ட்ரியில் தேறி, லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணியில் 102 ஆட்டத்தில் 97 கோல். 2024 நவம்பரில் லிஸ்பனில் அந்த ஸ்போர்ட்டிங்கை ஆர்சனல் 5–1 என்று ஜெயித்தபோது, எங்கள் டிஃபெண்டர் கேப்ரியல் கோல் போட்டுவிட்டு, யோகெரெஸ் விரல்களை முகத்தில் கோத்துக் காட்டும் முகமூடிக் கொண்டாட்டத்தை அவர் எதிரிலேயே செய்து நக்கலடித்தார். பிறகு ஒரே டிரஸ்ஸிங் ரூமில் இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஜூலை கடைசியில் கையெழுத்தானது, 14ஆம் நம்பர், ஆன்ரியின் நம்பர். ஷெஷ்கோ யுனைடெட்டுக்குப் போனார். அக்கா பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் ஆட்டமே யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் ட்ராஃபோர்டில். கார்னரிலிருந்து கலஃபியோரி தலையால் தட்டி 1–0. யோகெரெஸ் ஒன்றும் செய்யவில்லை. பந்து காலில் நிற்கவில்லை, கீழே வந்து சேர்த்து ஆடவும் தெரியவில்லை. ஆர்டெட்டா இத்தனை வருடம் எதற்குப் பயந்தாரோ அத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. அவரை எடுத்துவிட்டு ஹாவர்ட்ஸை இறக்கினார். “மாமா, இந்த ஆளுக்கா ஆறு கோடி?” என்று மெசேஜ் வந்தது.

அடுத்த ஆட்டத்துக்குள் ஹாவர்ட்ஸுக்கு முழங்கால் போய்விட்டது. ஜீசஸ் இன்னும் திரும்பவில்லை. லீட்ஸுக்கு எதிராக யோகெரெஸ் இறங்கினார். இடது பக்கம் ஓட விட்டுக் கொடுத்த பந்தைப் பிடித்து, உள்ளே வெட்டி, கீப்பருக்குப் பக்கத்திலேயே ஒன்று. கடைசியில் 15 வயது டௌமன் வாங்கிக் கொடுத்த பெனால்டியில் இன்னொன்று. 5–0. அன்றும் அவர் ஆட்டம் ஒன்றும் அழகாக இல்லை. கீழே வந்து வாங்கிய பந்துகளில் பாதி எதிராளிக்குப் போனது. ஆனால் கிராஸ் உள்ளே வந்தபோதெல்லாம் பாக்ஸுக்குள் ஒரு சிவப்புச் சட்டை இருந்தது. அக்கா பையனிடமிருந்து அன்று மெசேஜ் வரவில்லை, நானே அனுப்பினேன்.